மழையில்லாக் கடற்கரையின் மண் நகரங்கள்: த்ருஹியோவிலிருந்து ஒரு நாள்

பெருவின் தலைநகர் லீமாவிலிருந்து கடலை ஒட்டியே வடக்கே சுமார் 560 கிலோமீட்டர் போனால் த்ருஹியோ. பேருந்தில் ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். நகரின் பெரிய சதுக்கத்தைச் சுற்றியுள்ள சுற்றுலா அலுவலகங்களில் எதில் நுழைந்தாலும் ஏறத்தாழ ஒரே பயணத்தைத்தான் விற்கிறார்கள். காலை ஒன்பது வாக்கில் வேன் கிளம்பும். முற்பகலில் வாக்கா தெ லா லூனா என்ற மண் கோயில். மதியச் சாப்பாடு வான்சாக்கோ கடற்கரையில். பிற்பகலில் சான் சான் என்ற பழைய நகரம், நேரமிருந்தால் ஆர்கோ ஈரிஸ் என்ற சிறு கோயில். ஆறு மணிக்குள் மறுபடி சதுக்கம்.

பார்ப்பதெல்லாம் மண். குஸ்கோவின் இன்கா கற்சுவர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் சப்பென்று இருக்கும்: பழுப்பு மேடுகள், கரைந்த விளிம்புகள், நடுநடுவே பாதுகாப்புக் கூரைகள். வழிகாட்டிகள் அதை ஈடுகட்ட அரசர், தங்கம், நரபலி என்று பேச்சைத் திருப்பிவிடுவார்கள். அவை பொய்யில்லை. ஆனால் இந்த இடங்களைத் திறக்கும் சாவி வேறு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே தண்ணீர் என்ன செய்தது? கோயில் கட்டியதற்கும், இடிந்ததற்கும், கொள்ளை போனதற்கும், இன்று கூரை போட்டிருப்பதற்கும் பதில் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

தெற்கிலிருந்து ஓடிவரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் இந்தக் கரையை உரசிக்கொண்டு போகிறது. குளிர்ந்த கடலின் மேலிருக்கும் காற்று உயர எழும்பாது. மேகம் தாழ்வாகப் படர்ந்து மூடுபனியாக நிற்குமே தவிர மழையாக இறங்காது. வழக்கமான ஆண்டில் த்ருஹியோவில் பெய்யும் மழையைச் சில மில்லிமீட்டரில் சொல்லி முடித்துவிடலாம். குடிக்கவும் விதைக்கவும் தண்ணீர், ஆண்டிஸ் மலையில் பெய்து மோச்சே ஆறாக இறங்கி வருவதுதான். அந்த ஆற்று வண்டலைக் குழைத்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்தால் செங்கல், சூளை வேண்டியதில்லை. மழை இல்லாத ஊரில் அது நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும்.

விதிவிலக்குதான் ஆபத்து. எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடேறி, பாலைவனத்தின்மேல் மழை கொட்டித் தீர்க்கிறது. 1925, 1982–83, 1997–98, 2017 எல்லாம் அப்படிப்பட்டவை. 2017 மார்ச்சில் பல ஆண்டுகள் காய்ந்து கிடந்த ஓடைகளில் சேறும் கல்லும் திரண்டு வந்து த்ருஹியோவின் நடு நகரத்துக்குள்ளேயே புகுந்தன. மண் கோயில்களைக் கட்டியவர்களும் இந்த வெள்ளத்தை அறிந்தவர்கள்தான்.

யார் எப்போது

வேனில் போகும்போதே காலவரிசையை மனத்தில் போட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்றால் மாலைக்குள் எல்லாமே 'இன்கா' என்று குழம்பிவிடும். வாக்கா தெ லா லூனா மோச்சே மக்களுடையது, ஏறக்குறைய பொ.ஆ. 100 முதல் 800 வரை. சான் சான் சிமூ அரசின் தலைநகரம். சுமார் 900 முதல் 1470 வரை. இன்காக்கள் சிமூவை வென்றது 1470 வாக்கில்தான். கடைசி சிமூ அரசரைத் தம் தலைநகர் குஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள், கூடவே உலோக வேலை தெரிந்த கைவினைஞர்களையும். சுமார் அறுபது ஆண்டுகளில் ஸ்பானியர் வந்துவிட்டார்கள். ஆக, நாள் முழுக்கப் பார்க்கும் கட்டடங்களில் இன்காவின் கைவேலை என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. மோச்சேக்கள் விட்டுப் போனபோது சான் சானின் பெருமதில்கள் எழவே இல்லை. காலையிலும் மாலையிலும் பார்க்கிற இரண்டுக்கும் நடுவே பல தலைமுறை இடைவெளி இருக்கிறது.

வாக்கா தெ லா லூனா: மூடியதால் பிழைத்த வண்ணம்

நகரத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில், செர்ரோ பிளாங்கோ என்ற கூம்பு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. எதிரே அரைக் கிலோமீட்டரில் வாக்கா தெல் சோல் என்ற இன்னொரு மண் கோயில். லூனா (சந்திரன்), சோல் (சூரியன்) என்ற பெயர்கள் பின்னால் வந்தவை; அவற்றை வைத்து மோச்சேக்களின் வழிபாட்டை ஊகிக்க வேண்டாம்.

சீட்டு வாங்குவது கோயில் வாசலில் அல்ல, சற்றுத் தள்ளியுள்ள அருங்காட்சியகத்தில். 1991 முதல் த்ருஹியோ தேசியப் பல்கலைக்கழகத்தின் திட்டமாகத் தொல்லியலாளர் சாந்தியாகோ உசேதாவும் பாதுகாப்பு வல்லுநர் ரிக்கார்தோ மோராலெஸும் இங்கே அகழாய்வை முன்னெடுத்தார்கள். கோயிலுக்குள் தனியாக நடக்க விடமாட்டார்கள். அங்குள்ள வழிகாட்டியோடு குழுவாகத்தான் போகவேண்டும், அதற்கான கட்டணம் சீட்டிலேயே சேர்ந்திருக்கிறது. ஸ்பானியக் குழு அடிக்கடி கிளம்பும். ஆங்கிலக் குழுவுக்குக் கொஞ்சம் காத்திருக்க நேரலாம். அந்த இடைவெளியில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். இரண்டு கோயில்களுக்கும் நடுவே இருந்த ஊரில் கிடைத்த மட்பாண்டங்கள் அங்கே இருக்கின்றன. மேலே சுவரில் பார்க்கப்போகும் முகங்களை இங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். நேரம் குறைந்தால் வேன்காரர்கள் முதலில் வெட்டுவது இந்த அருங்காட்சியகத்தைத்தான்.

கோயிலின் சூட்சுமம் அதன் கட்டுமுறையில் இருக்கிறது. பழைய கோயிலை இடிக்காமல், அதன் முற்றங்களையும் அறைகளையும் செங்கல்லால் அடைத்து மூடி, அந்த மேட்டின்மேல் அதே அமைப்பில் இன்னும் பெரிய கோயிலை எழுப்பினார்கள். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை இது நடந்தது. அதனால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கோயில்கள். மூடப்பட்ட சுவர்களுக்குக் காற்றும் வெயிலும் ஈரமும் எட்டவில்லை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு, நீலம் கலந்த சாம்பல் என்று தாதுக்களில் எடுத்த நிறங்கள் இன்றும் பளிச்சென்று தெரிவதற்கு அதுவே காரணம். சாய்சதுரக் கட்டங்களுக்குள் விழித்துப் பார்க்கும் அந்தக் கோரைப்பல் முகத்தை ஐ அபாயெக் என்ற கடவுள் என்று வழிகாட்டி அறிமுகப்படுத்துவார். அது மீட்டுத் தீட்டியதல்ல, அசல்.

மேல் தளத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கும். காலனிக் காலத்தில் புதையல் தேடிக் குடைந்தது. அதன் ஓரத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். கேக்கை வெட்டியதுபோல உள்ளடுக்குகள் தெரியும்: ஒரு காலத்துத் தரை, அதன்மேல் நிரப்பிய செங்கல், அதற்கும் மேலே அடுத்த காலத்துத் தரை. நிரப்புச் செங்கற்களைப் பூசவில்லை. ஆகவே பலவற்றில் அடித்தவர்கள் ஈரத்தில் இட்ட அடையாளம் அப்படியே இருக்கிறது. ஒரு வட்டம், இரண்டு கோடு, விரலால் அழுத்திய குழிகள், ஒரு பாதச்சுவடு. நூற்றுக்கு மேற்பட்ட வகைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே குறியுள்ள செங்கற்கள் சேர்ந்தாற்போல் ஒரே பகுதியில் கிடப்பதால், ஊர் ஊராகவோ குழுக் குழுவாகவோ தம் பங்குச் செங்கல்லைக் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும், அந்தக் குறி கணக்குக்காக இட்டது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். சுவரும் ஒரே பிடிப்பாக இல்லாமல் தனித்தனித் தூண்களைச் சேர்த்து நிறுத்தியது போலிருக்கும். ஒவ்வொரு தூணும் ஒரு குழுவின் வேலையாக இருக்கலாம். நிலநடுக்கத்தில் விரிசல் நெடுக ஓடாமல் இருக்கவும் அந்த அமைப்பு உதவுகிறது.

கடைசியாக வடக்கு முகப்பு. படிப்படியாக உயரும் அடுக்குகளில் கீழேயிருந்து பார்த்து வாருங்கள்: முதலில் வீரர்களும், நிர்வாணமாக, கழுத்தில் கயிறோடு நடத்திச் செல்லப்படும் கைதிகளும், அதற்கு மேல் கைகோத்து நிற்பவர்கள், அதற்கு மேல் கத்தி பிடித்த சிலந்தி உருவம், பிறகு மீன் ஏந்திய கடல் உருவம். இந்த வரிசையைப் பார்த்தபின் நரபலிப் பேச்சு வெறும் கதையாகத் தோன்றாது. 1995-இல் ஸ்டீவ் புர்ஷே பின்பக்க முற்றமொன்றில் தோண்டியபோது எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்புகள் கிடைத்தன. சில எலும்புகள் கரைந்தோடிய சேற்றுக்குள்ளேயே புதைந்திருந்தன. அதாவது கோயில் சுவர் கரையும் அளவுக்கு மழை கொட்டிய சமயத்தில் அந்தப் பலி நடந்திருக்கிறது. பலியானவர்கள் உள்ளூர் வீரர்களா, வேற்றூர்க் கைதிகளா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வழிகாட்டி ஒன்றை மட்டும் உறுதியாகச் சொன்னால், அது அவர் தேர்ந்துகொண்ட பக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வசனமும் அடிக்கடி வரும்: 'ஆறாம் நூற்றாண்டில் எல் நினோவும் நெடிய வறட்சியும் சேர்ந்து மோச்சேக்களை அழித்துவிட்டன.' ஆண்டிஸ் பனிப்பாறை மாதிரிகளில் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நீண்ட வறட்சி தெரிவது உண்மைதான். ஆனால் இங்கே எடுத்த கரிமக் காலக்கணிப்புகள் அதற்குப் பிறகும் ஊரில் மக்கள் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. பழைய கோயில் முக்கியத்துவம் இழந்தது, மலைப்பக்கம் சிறிதாகப் புதுக் கோயில் எழுந்தது, அதிகாரம் கைமாறியது. அழிவு என்பதைவிட மாற்றம் என்பது பொருந்தும்.

வாக்கா தெல் சோலில் ஏற அனுமதி இல்லை; இங்கிருந்தபடியே பார்க்க வேண்டியதுதான். அதற்கு மட்டும் 14 கோடிச் செங்கல் பிடித்திருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. இப்போது நிற்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மீதியைக் கரைத்தது மழை அல்ல: புதையலுக்காக ஸ்பானியர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோச்சே ஆற்றையே திருப்பி அதன்மேல் பாயவிட்டார்கள். மண் கட்டடத்தை வெட்டுவதைவிடக் கழுவுவது சுலபம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மதியம்

வான்சாக்கோ நகரத்திலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர். கரையில் கோரைப் படகுகள் மூக்கை மேலே நிமிர்த்தி வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். தண்ணீர் வடிந்து காய்வதற்காக அப்படி நிறுத்துகிறார்கள். இரண்டு பெரிய கட்டு, இரண்டு சிறிய கட்டு தொத்தோராக் கோரையைக் கயிற்றால் இறுக்கிச் சேர்த்தால் படகு. பெரியதைத் தாய் என்றும் சிறியதைப் பிள்ளை என்றும் மீனவர்கள் சொல்கிறார்கள். கோரை ஊறி ஊறிக் கனத்துவிடுவதால் சில வாரங்களில் படகு ஓய்ந்துபோகும், புதிதாகக் கட்டவேண்டும். அதற்கான கோரையை ஊரின் வடகோடியில், நிலத்தடி நீர் தெரியும்வரை தோண்டிய குளங்களில் வளர்க்கிறார்கள். மதியம் சான் சானுக்குள் பார்க்கப்போகும் பெரிய குளமும் இதே வித்தைதான். அதனால் இந்தக் கோரைக் குளங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வீண்போகாது. படகில் உட்காரவைத்து அலைக்குள் ஒரு சுற்று கூட்டிப்போவார்கள். இடுப்புக்குக் கீழே நனையும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

சாப்பாட்டில் செபிச்சே, அதாவது எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன், மதிய உணவாக மட்டுமே நல்லது. மீன் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமைகளில் ஊரெங்கும் கிடைக்கும் ஷாம்பர் கஞ்சி கோதுமையும் பயறுமாகச் சைவம்போலத் தோன்றும்; பன்றியிறைச்சியும் தோலும் போட்டே கொதிக்க வைப்பார்கள். வேன் நிற்கும் கடற்கரை உணவகத்தில் ஒன்றரை மணி நேரம் கரைந்துவிடும். இந்த நேரமெல்லாம் சான் சானின் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

சான் சான்: ஒரு அரண்மனையைப் பார்க்கிறோம், நகரத்தை அல்ல

வான்சாக்கோ சாலையில், த்ருஹியோவிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில் சாலையின் இருபுறமும் உருகிய மேடுகள் தொடங்கும். முழு நகரம் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர். அதன் மையம் 6 சதுர கிலோமீட்டர். மையத்தில் பெரும் மதில் சூழ்ந்த ஒன்பது வளாகங்கள். எண்ணும் முறையைப் பொறுத்துப் பத்து என்றும் சொல்வார்கள். உள்ளே போய்ப் பார்க்கும்படி சீரமைத்துத் திறந்திருப்பது நிக் ஆன் என்ற ஒன்றைத்தான். பழைய வரைபடங்களில் அதன் பெயர் சூதி.

நெடுஞ்சாலை முக்கிலிருந்து நிக் ஆன் வாசலுக்கு நிழலே இல்லாத ஒரு மண் சாலை, நடந்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாது. சொந்தமாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள்: வான்சாக்கோ போகும் சிற்றுந்தில் மலிவாக வந்து முக்கில் இறங்கி, வெயிலில் நடந்து களைத்துப் போய்ச் சேர்வது. முக்கிலேயே டாக்சி கிடைக்கும், வாசல்வரை போய்விடலாம். பாதையை விட்டு மேடுகளுக்குள் இறங்குவதும், இடிபாடுகள் வழியாகக் கடற்கரைக்கு நடந்து போவதும் வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லை, வழிப்பறிக்குப் பெயர்பெற்ற பகுதி.

ஒரே சீட்டில் சான் சான், நெடுஞ்சாலை ஓரத்து அருங்காட்சியகம், ஆர்கோ ஈரிஸ், எஸ்மெரால்தா கோயில் நான்கையும் பார்க்கலாம். வாக்கா தெ லா லூனாவுக்கு நிர்வாகம் வேறு, சீட்டும் வேறு. விலை சில சோல்கள்தான் (பெருவின் நாணயம்). ஆனால் சில்லறையாக, ரொக்கமாக வைத்திருங்கள். வேன் கட்டணத்தில் சீட்டுகள் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. வேனில் வராதவர்கள் வாசலிலேயே வழிகாட்டி அமர்த்திக்கொள்ளலாம்; கட்டணம் தலைக்கு இல்லை, குழுவுக்கு. நான்கு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.

உள்ளே அம்புக்குறி பார்த்து நடக்கவேண்டும். வடக்கே ஒரே வாயில். மதிலின் அடி அகலம், மேலே போகப் போகக் குறுகும். சில இடங்களில் ஒன்பது மீட்டர்வரை உயரம். வளைந்து திரும்பும் இடைகழி வழியாக முதல் பெருமுற்றத்துக்குள் வருவீர்கள். யாரும் நேராக உள்ளே நுழைந்துவிட முடியாது. எங்கே போனாலும் ஒரு திருப்பம், ஒரு குறுகல், கடந்து போகிறவரைப் பார்க்க ஒருவர் உட்காரும் இடம். மதில் படையைத் தடுப்பதற்காக அல்ல, ஆட்களை வடிகட்டுவதற்காக. முற்றத்தின் பேச்சொலி எதிரொலிப்பதைக் காட்ட வழிகாட்டி கைதட்டிக் காட்டுவார்; கூட்டம் குறையும்வரை பொறுத்துக் கேட்டால்தான் தெரியும்.

அடுத்து மீன் சுவர். வரிசை வரிசையாக மீன்கள், சில வரிசை ஒரு பக்கம் பார்த்து, சில வரிசை எதிர்ப்பக்கம். குளிர் நீரோட்டம் ஒரு திசை, எல் நினோவின் சூடான நீர் மறு திசை என்று விளக்கம் வரும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சிமூக்கள் எழுத்து விட்டுச் செல்லாததால் உறுதிப்படுத்த வழியில்லை. வடிவமைப்புச் சமநிலைக்காகவும் இருக்கலாம். கடற்பறவைகள் விஷயத்தில் ஐயமில்லை. சிறு விலங்கு வரிசை ஒன்றை ஒரு வழிகாட்டி நீர்நாய் என்பார், அடுத்தவர் அணில் என்பார். சாய்சதுர ஓட்டைகள் விட்ட வலைபோன்ற சுவர்களை மீன்வலை என்று படிப்பது பொருந்துகிறது; காற்று தடையில்லாமல் ஊடுருவும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலைச்சுவர்ப் பகுதியில் மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்புமான சிறு அறைகள் உண்டு. அவற்றை ஒட்டிக் கிட்டங்கி வரிசைகள். அதிகாரி அந்த அறையில் உட்கார்ந்து வந்துபோகும் சரக்கைக் கண்காணித்தார் என்பது 1970-களில் மைக்கேல் மோஸ்லியும் கரோல் மேக்கியும் நடத்திய ஆய்வுத் திட்டத்திலிருந்து வலுப்பெற்ற விளக்கம். வளாகங்கள் பல இருப்பதற்கும் அதே ஆய்வு வட்டத்திலிருந்து ஒரு விடை வந்தது: அரசர் இறந்ததும் அவரது அரண்மனையும் சொத்தும் அவர் வழியினரின் பராமரிப்பில் நினைவிடமாக நின்றுவிடும், புதிய அரசர் தனக்கென்று புதிதாகக் கட்டிக்கொண்டு, செலவுக்குப் புது நிலம் தேடவேண்டும். எல்லா வளாகங்களுக்கும் இந்த வரிசை கச்சிதமாகப் பொருந்துவதில்லை. ஆனாலும் ஒவ்வொன்றிலும் பெருமுற்றமும் கிட்டங்கிகளும் புதைமேடையுமாக ஏறத்தாழ அதே அமைப்பு திரும்பத் திரும்ப வருவதை இதைவிட நன்றாக விளக்கும் கருத்து இதுவரை இல்லை.

பிறகு வரும் பெரிய குளத்தில் பச்சைக் கோரை மண்டியிருக்கும். ஊற்றுநீர் தெரியும்வரை தோண்டிய கிணறு இது, இறங்கிப்போகும் சரிவோடு. கடல் பக்கத்தில் இருந்தும் உப்பில்லாத நீர் கிடைத்ததற்குக் காரணம் மேட்டு நிலத்துப் பாசனம். கால்வாயில் ஓடி வயலில் பாய்ந்த ஆற்றுநீர் மண்ணுக்குள் இறங்கித் தாழ்வான இந்தப் பக்கம் கசிந்து வந்தது. மேலே பாசனப் பரப்பு சுருங்கினால் இங்கே நீர்மட்டம் கீழே போகும். கிணற்றை இன்னும் தோண்டவேண்டும். மலையிலிருந்த இன்காக்கள் கால்வாய்த் தலைப்பைப் பிடித்துத்தான் சான் சானைப் பணியவைத்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வது இந்தச் சார்புநிலையை நன்கு காட்டுகிறது.

புதைமேடையில் இன்று பார்க்கக் குழிகளே மிச்சம். காலனிக் காலத்தில் சுரங்கம் வெட்டுவதுபோலக் கூட்டு வைத்து, அரசுக்குப் பங்கு கட்டி, சட்டப்படி தோண்டி எடுத்தார்கள். முடிவில் 24 மாடங்கள் கொண்ட அறை. உட்காரும் இடங்கள் என்கிறார்கள்.

இவ்வளவையும் பார்த்து வெளியே வந்தபின் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். சான் சானில் வாழ்ந்த மக்கள் தொகை பற்றிய மதிப்பீடுகள் 30,000 முதல் 60,000 வரை போகின்றன. அவர்களில் பெரும்பாலோர் மதிலுக்குள் இல்லை; தச்சரும் நெசவாளரும் உலோக வேலைக்காரரும் வெளியே நாணலும் மண்ணும் கொண்டு கட்டிய நெருக்கமான சிறு அறைகளில் இருந்தார்கள். சுற்றுலாப் பாதை அவ்விடங்களைத் தொடுவதே இல்லை. கூரைச் சுவடுகூட இல்லாத அந்தத் தரைகளை அருங்காட்சியகத்து மாதிரி நகரத்தில்தான் பார்க்கமுடியும். 2018-இல் உத்ஸ் ஆன் என்ற வளாகத்தின் இடைகழியில் களிமண் முகமூடி அணிந்த 19 மரச் சிலைகள் வரிசையாகக் கிடைத்தன. அந்த வளாகமும் பயணத் திட்டத்தில் இல்லை. அதேபோல வான்சாக்கீத்தோ என்ற பக்கத்து ஊரில் 2011 முதல் கேப்ரியல் பிரியேத்தோ குழு தோண்டிய இடத்தில் 140-க்கு மேற்பட்ட குழந்தைகளும் 200-க்கு மேற்பட்ட லாமாக்களும் சுமார் 1450-இல் பலியிடப்பட்டுக் கிடந்தார்கள். அங்கேயும் கனமழைச் சேற்றின் படலம்.

ஓதமும் உப்பும்

1986-இல் யுனெஸ்கோ சான் சானை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டே அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் போட்டது. மழையை மட்டும் குற்றம் சொன்னால் பாதிதான் சரி. மழை மேலிருந்து அரிக்கிறது. ஓதம், அதாவது நிலத்தின் ஈரம், கீழிருந்து ஏறுகிறது. சாந்தா ஆற்றைத் திருப்பிப் பல பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டுவந்த சாவிமோசிக் பாசனத் திட்டத்துக்குப் பிறகு நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. சுவரின் அடியில் ஈரம் ஏறி, வெயிலில் நீர் ஆவியாகிவிட, கொண்டுவந்த உப்பு பூச்சுக்குக் கீழே படிகமாகப் பூக்கிறது. படிகம் பெருத்துப் பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளுகிறது. கடற்காற்று தன் பங்குக்கு இன்னும் உப்பைப் பூசுகிறது. சுவரின் முழங்கால் உயரத்தில் வெண்படலமும் பொருபொருத்த குழிவும் தெரிந்தால் காரணம் இதுதான். உப்பேறிய மண் கையில் பட்டாலே உதிரும். 'தொடாதீர்' பலகை சும்மா வைத்ததில்லை.

எது அசல், எது மறுகட்டு என்று கண்ணாலேயே ஓரளவு பிரிக்கலாம். விளிம்பு கூராக, நிறம் ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் 1960-களுக்குப் பிந்தைய வேலை. முனை மழுங்கி, நிறம் திட்டுத் திட்டாக, கூரைக்கடியில் கயிறு கட்டித் தள்ளி வைத்திருப்பது அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆர்கோ ஈரிஸில் இரட்டைத் தலைப் பாம்பு வானவில்போல் வளையும் புடைப்புகள் அவ்வளவு துலக்கமாக இருப்பதும் 1960-களின் சீரமைப்பால்தான். நேரம் நெருக்கினால் ஆர்கோ ஈரிஸை விட்டுவிட்டு சான் சான் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பெரும்பாலான வேன்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றன.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

குழு ஒரு மொழிக்கா, இரண்டு மொழிக்கா? இருமொழிக் குழுவில் ஒவ்வொரு வாக்கியமும் இருமுறை சொல்லப்படும். நிக் ஆனுக்கு ஒதுக்கும் ஒரு மணி நேரத்தில் உங்களுக்குக் கிடைப்பது அரைமணிதான். கைவினைக் கடை நிறுத்தம் உண்டா? அருங்காட்சியகங்கள் இரண்டும் சேர்த்தியா? திங்களன்று எது மூடியிருக்கும்? பிற்பகல் நாலு மணிக்கு மேல் உள்ளே விடுவது சந்தேகம் என்பதால், மூன்று மணிக்காவது சான் சான் வாசலில் இருப்போமா? இவற்றுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு டாக்சியை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது மேல். லூனாவில் வழிகாட்டி சீட்டோடு வருகிறார், சான் சானில் வாசலில் கிடைக்கிறார். வேன் வழிகாட்டி இல்லாமல் ஒன்றும் குறைந்துபோகாது.

ஜூனிலிருந்து செப்டம்பர்வரை காலையில் மூடுபனி. புடைப்புச் சிற்பம் தட்டையாகத் தெரியும், பத்து பதினொரு மணிக்குமேல் சரியாகும். டிசம்பரிலிருந்து மார்ச்வரை வெயில் கடுமை. எந்த மாதமானாலும் பிற்பகலில் கடற்காற்று மணலை வாரிக்கொண்டு வரும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தாடையில் கட்டும் தொப்பி, மூடிய காலணி, கேமராவுக்கு உறை. கழிப்பறை நுழைவிடங்களில் மட்டும். ஃபிளாஷ் கூடாது, ட்ரோனுக்கு முன் அனுமதி வேண்டும். வாசல்களில் மயிரில்லாத கரிய நாய்கள் படுத்திருந்தால் நோய்நாய் என்று ஒதுங்க வேண்டாம்; அது பெருவின் தொன்மையான இனம், கடற்கரைத் தொல்லிடங்களில் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள்.

எல் புருஹோவையும் இதே நாளில் சேர்த்துத் தருவதாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காவோ சீமாட்டி என்று பெயரிட்ட மோச்சே பெண்ணின் பச்சை குத்திய உடல் 2005-இல் கிடைத்த இடம் அது. த்ருஹியோவுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். போகவர, பார்க்க என்று அதற்கே அரைநாளுக்கு மேல் ஆகும். மறுநாள் காலை தனியாகப் போங்கள்.